அனுமதியா, இசைவா, அணுகுரிமையா?

‘இந்தக் கோப்பைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியிடம் அனுமதி பெறவும்.’

கணினி உதவிக் குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வரியையும் யோசிக்காமல் எழுதிவிட்டுப் போகிறார்கள். படிக்கிறவரிடம் இருப்பது ஒரே கணினி. அதில் ஒரே கணக்கு. அந்தக் கணக்கு அவருடையது, நிர்வாகியும் அவரேதான். யாரிடம் போய்க் கேட்பார்? விண்டோஸ் சில சமயம் இன்னும் ஒரு படி மேலே போகும். இந்தக் கோப்புறையை மாற்ற இன்னாரிடம் அனுமதி வேண்டும் என்று சொல்லி, அந்த இன்னார் இடத்தில் அவருடைய பெயரையே காட்டும். ஆங்கிலச் செய்தியே அங்கே சரியில்லைதான். ஆனால் ஆங்கிலத்தில் படிக்கிறவருக்குப் ‘பர்மிஷன்’ என்பது கோப்பின் ஓர் அமைப்பு என்றாவது பழகியிருக்கும். தமிழில் ‘அனுமதி’ என்று படித்தவர் அனுமதி தரும் ஆளைத் தேடுகிறார். அந்த ஆள் எங்குமே இல்லை.

சொல்லின் வரலாறு சுருக்கமாக. ‘பர்மிஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘பெர்’ என்றால் ஊடாக, ‘மித்தெரே’ என்றால் விடு, அனுப்பு. ஊடே போக விடுவது என்பது மூலப் பொருள். ‘அனுமதி’ வடமொழி. ‘அனு’ என்பது பின்தொடர்ந்து, ‘மதி’ என்பது எண்ணம். ஒருவர் எண்ணத்தோடு தன் எண்ணமும் சேர்ந்து போவது, அதாவது சம்மதிப்பது. வடமொழி என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. பொருள் பொருந்தவில்லை என்பதுதான் என் குறை.

ஏன் பொருந்தவில்லை? அனுமதி ஒரு நிகழ்ச்சி. ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் யோசித்துத் தருகிறார். கோப்பில் அப்படி எதுவும் நடப்பதில்லை. 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில், ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் ஒரு பட்டியல் உண்டு. இந்தக் கணக்கு படிக்கலாம், அந்தக் குழு எழுதலாம், இன்னொரு குழுவுக்கு எல்லாமே உண்டு என்று வரிவரியாக அதில் பதிவாகியிருக்கும். நீங்கள் கோப்பைத் திறக்கும்போது விண்டோஸ் அந்தப் பட்டியலைப் பார்க்கிறது. உங்கள் கணக்குக்கோ நீங்கள் இருக்கும் குழுவுக்கோ ‘படிக்கலாம்’ என்ற வரி இருந்தால் திறக்கும், இல்லையென்றால் திறக்காது. யாரும் யாரையும் கேட்பதில்லை. பதிவாகி நிலையாக நிற்கும் இப்படிப்பட்ட ஒன்றுக்குத் தமிழில் ‘உரிமை’ என்றுதான் பெயர். தேர்தலில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதை வாக்குரிமை என்கிறோம். ‘வாக்கு அனுமதி’ என்று ஒருவரும் சொன்னதில்லை. அதே வழியில் இதை ‘அணுகுரிமை’ என்று சொல்லலாம். அணுகு, உரிமை இரண்டும் சேர்ந்த வினைத்தொகை. அணுகிய, அணுகுகிற, அணுகும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். நிலையான ஓர் உரிமைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது.

இந்த இடத்தில்தான் ‘இசைவு’க்காரர்கள் வருகிறார்கள். அனுமதியை நீக்கித் தூய தமிழில் ‘இசைவு’ என்று எழுத வேண்டும் என்பது அவர்கள் கட்சி. சில கலைச்சொல் பட்டியல்களில் அது ஏறியும்விட்டது. ‘இசைவு மறுக்கப்பட்டது’ என்று ஒரு செய்தியைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அழகான ஒரு தமிழ்ச் சொல்லைக் கொண்டுவந்து பொருந்தாத இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்களே என்றுதான். இசைதல் என்றால் உடன்படுதல், ஒத்துப்போதல். அதற்கு மனம் வேண்டும். இரண்டு தரப்பு வேண்டும். அனுமதியில் இருந்த அதே குறை இசைவிலும் அப்படியே இருக்கிறது. வடமொழி உடை போய்த் தமிழ் உடை வந்திருக்கிறது, உள்ளே இருக்கும் பிழை மாறவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘எனக்கு அதில் இசைவில்லை’ என்று ஒருவர் சொன்னால் என்ன பொருள்? அவருக்கு அதில் உடன்பாடு இல்லை என்று பொருள். அப்படியானால் ‘இந்தக் கோப்பில் உங்களுக்கு இசைவு இல்லை’ என்று கணினி சொன்னால், மறுப்பவர் நீங்கள் என்று ஆகிவிடுகிறது! கோப்பு உங்களை விடவில்லை என்பது போய், நீங்கள் கோப்போடு ஒத்துப்போகவில்லை என்று வாக்கியம் தலைகீழாகிறது. தமிழ் பேசி வளர்ந்த காதுக்கு இது முதல் வாசிப்பிலேயே இடறும். இடறவில்லை என்றால் அந்த வரியை யாரும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை.

கூட்டுச் சொற்களைப் பாருங்கள். ‘படிக்கும் உரிமை’, ‘எழுதும் உரிமை’, ‘முழு உரிமை’ என்பவை விளக்கமே இல்லாமல் புரிகின்றன. ‘படிக்கும் இசைவு’, ‘முழு இசைவு’ என்பவை? முழு இசைவு என்றால் எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள் என்றுதான் தோன்றும்.

இசைவுக்குக் கணினியில் இடமே இல்லை என்று சொல்லவில்லை. விண்டோஸில் ஒரு நிரல் இயங்கத் தொடங்கும்போது திரை மங்கி, ‘இந்த நிரல் உங்கள் கணினியில் மாற்றம் செய்யலாமா?’ என்று ஒரு பெட்டி கேட்கிறது அல்லவா? அந்தப் பெட்டியைக் காட்டும் நிரலின் பெயரே ‘கன்சென்ட்’. அங்கே ஒருவர் கேட்கிறார், ஒருவர் ஆம் என்கிறார். இசைவு அங்கே அச்சாகப் பொருந்தும். கைப்பேசியில் ஒரு செயலி கேமராவைப் பயன்படுத்தட்டுமா என்று கேட்கும் இடமும் அப்படித்தான். 2015இல் ஆண்ட்ராய்டு 6 வந்த பிறகு செயலிகள் இயங்கும்போதே கேட்டுப் பெறுகின்றன. அங்கே அனுமதி என்றாலும் சரி, இசைவு என்றாலும் சரி. அந்த அனுமதியும் கோப்பின் அணுகுரிமையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தின் ஏழ்மை. நம்மிடம் இரண்டு சொல் இருக்கும்போது அந்த ஏழ்மையை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? ‘உரிமம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. உரிமம் என்பது லைசென்ஸ். மென்பொருள் உலகில் அதற்குத் தனி வேலை இருக்கிறது, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

உரிமை என்ற சொல்லின் அடியில் இருப்பது ‘உரி’. இன்னாருக்கு உரியது என்ற பொருள். ‘அன்பிலார் எல்லாம் தமக்குரியர் அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு’ என்ற குறளில் அந்தப் பொருள் தெளிவாக நிற்கிறது. அதே குறளில் ‘அன்புடையார்’ என்று ‘உடை’யும் வருகிறது. உடைமை, உரிமை என்ற இந்த இரண்டும் கோப்பு விஷயத்தில் நமக்கு வேண்டியிருக்கிறது. ஏனென்றால் விண்டோஸில் கோப்பின் ஓனர் வேறு, கோப்பைத் திறக்கும் உரிமை வேறு. ஓனரை ‘உரிமையாளர்’ என்று எழுதினால் இரண்டும் குழம்பும். ‘உடைமையாளர்’ என்று எழுதினால் குழம்பாது.

இது வெறும் சொல் நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். பழைய கணினியின் வன்தட்டைக் கழற்றிப் புதியதில் மாட்டியவர்கள் பலரும் இங்கேதான் சிக்குகிறார்கள். கோப்புறையை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போனால், பட்டியலில் பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் நிற்கும். அது பழைய கணினியில் இருந்த கணக்கு. அங்கேயும் இங்கேயும் ஒரே பெயர் வைத்திருந்தாலும் விண்டோஸுக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். மேலே ஓனர் வரியில் சேஞ்ச் அழுத்தி, உங்கள் கணக்கைக் கொடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கும் அதையே வை என்ற கட்டத்தையும் டிக் செய்தால் உடைமை உங்களுக்கு வந்துவிடும். அப்புறமும் கோப்பு திறக்காமல் போகலாம். ‘அனுமதி வாங்கியாச்சே, இன்னும் ஏன் திறக்கவில்லை?’ என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அவர்கள் பெற்றது உடைமை. உடைமையாளருக்குத் தானாகக் கிடைப்பது உரிமைப் பட்டியலைப் பார்க்கவும் மாற்றவும் உள்ள அதிகாரம் மட்டுமே. பெட்டியை மூடி மறுபடி திறந்து, ஆட் அழுத்தி, தன் பெயரில் ஃபுல் கன்ட்ரோல் வரியைத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் படி உடைமை, இரண்டாம் படி அணுகுரிமை. இரண்டு படிக்கும் ‘அனுமதி’ என்றே எழுதிவைத்த குறிப்பைப் படித்தவருக்கு இரண்டாவது படி ஒன்று இருப்பதே தெரியாது. (விண்டோஸ் கோப்புறைக்குள் ட்ரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கு உடைமையாளராக இருக்கும் கோப்புகளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அந்தக் காவல் காரணத்தோடு வைத்தது.)

‘மறுக்கப்பட்டது’ என்பதிலும் எனக்கு வழக்கு உண்டு. விண்டோஸ் பட்டியலில் ‘கொடு’ என்ற வரியும் இருக்கலாம், ‘மறு’ என்ற வரியும் இருக்கலாம். இரண்டும் ஒருவருக்கே நேரடியாக எழுதப்பட்டிருந்தால் மறு என்பது வெல்லும். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. உங்களுக்கு எந்த வரியுமே இருக்காது. அது மறுப்பு இல்லை, இன்மை. ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்று படித்தவர் யார் மறுத்தார் என்று தேடி, இல்லாத ஒரு மறுப்பு வரியை நீக்கப் பார்க்கிறார். ‘உங்கள் கணக்குக்கு அணுகுரிமை இல்லை’ என்று சொன்னால், இல்லாததைச் சேர்க்க வேண்டும் என்று அவருக்கே தோன்றும்.

நிர்வாகி என்ற சொல்லை நான் விட்டுவைக்கிறேன். அது வேரூன்றிவிட்டது, பொருளும் கெடவில்லை. எனக்கு உறுத்துவது ‘நிர்வாகியாக இயக்கு’ என்ற மெனு வரி. கணக்கு ஏற்கெனவே நிர்வாகிக் கணக்குதானே, பிறகு எதற்கு அது என்று கேட்பவருக்கு அந்த வரியில் பதில் இல்லை. 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதல், நிர்வாகியாக உள்ளே நுழைகிறவருக்கும் விண்டோஸ் இரண்டு அடையாளங்களைத் தருகிறது. ஒன்று சாதாரணப் பயனருக்குரியது, இன்னொன்று முழு அதிகாரம் உள்ளது. நிரல்கள் வழக்கமாக முதலாவதோடுதான் இயங்கும். இரண்டாவது வேண்டுமென்றால் கேட்க வேண்டும். ஆகவே ‘நிர்வாகி உரிமையுடன் இயக்கு’ என்பதே சரியான தமிழ். இரண்டே சொல் மாற்றம், குழப்பம் தீர்ந்துவிடும்.

லினக்ஸ், மேக் போன்ற, யுனிக்ஸ் வழியில் வந்த இயங்குதளங்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தெளிவு. படி 4, எழுது 2, இயக்கு 1 என்று எண்களைக் கூட்டி உடைமையாளர், குழு, மற்றவர் என்ற மூவருக்கும் எழுதுவார்கள். 644 என்றால் உடைமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்ற இருவரும் படிக்க மட்டும் செய்யலாம். பிழைகளும் அங்கே இரண்டு வகை. கோப்பின் உரிமை போதவில்லை என்றால் பிழை எண் 13. நீங்கள் செய்ய முயலும் செயலே உங்கள் தகுதிக்கு அப்பாற்பட்டது என்றால் பிழை எண் 1. கோப்பின் உடைமையாளர் அல்லாத ஒருவர் இந்த 644ஐ மாற்றப் பார்த்தால் வருவது பிழை எண் 1. தமிழாக்கங்களில் இரண்டுமே ‘அனுமதி இல்லை’ என்றே வருகின்றன. முன்னதை ‘அணுகுரிமை இல்லை’ என்றும் பின்னதை ‘இச்செயலுக்கு அதிகாரம் இல்லை’ என்றும் எழுதினால் போதும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொற்றொடர்களை மட்டும் அட்டவணையாகக் கொடுக்கிறார்கள், திரையைக் காட்டுவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு சொல்லை எழுதும் முன் அந்தப் பிழையை ஒரு முறை வரவழைத்துப் பார்ப்பது கஷ்டமான காரியமில்லை. ஒரு கோப்பை உருவாக்கி, அதன் பட்டியலிலிருந்து தன் கணக்கை நீக்கிவிட்டுத் திறந்து பார்த்தால் போதும். அதைச் செய்தவர் ‘இசைவு’ என்று எழுத மாட்டார்.

எல்லாத் தடையும் அணுகுரிமைத் தடை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விண்டோஸின் கோப்பு மறையாக்கத்தால் (என்க்ரிப்ஷன்) பூட்டிய கோப்பை வேறு கணினியில் திறந்தாலும் இதே செய்திதான் வரும். அங்கே உடைமையை மாற்றினாலும் முழு உரிமை எழுதிக்கொண்டாலும் பயனில்லை. மறையாக்கம் செய்த கணக்கின் சாவிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு ‘மறைவிலக்கச் சாவி இல்லை’ என்று தனிச் செய்தி எழுத வேண்டும். இப்போது அதற்கும் அனுமதிதான் கிடைத்திருக்கிறது.