எதிர்த்துப் பேசும் ஸ்பீக்கர்

“ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம், 100 வாட் என்று போட்டிருக்கிறது. 50 வாட் ரிசீவர் போதுமா, இல்லை 100 வாட்தான் வாங்க வேண்டுமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லோரும் வாட்டையே பார்க்கிறார்கள். எனக்கு அந்த வரியில் சுவாரசியமான எண் 8 ஓம்தான்; மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு அது.

வாட் கணக்கைச் சட்டென்று முடித்துவிடுவோம். அந்த 100 வாட், ஸ்பீக்கர் தாங்கும் அளவு. ரிசீவருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று பொருளில்லை. பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி. அது 87 டெசிபல் என்றால், 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு ஒலி வரும். இரண்டு ஸ்பீக்கர், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி எல்லாம் சேர்ந்து, 3 மீட்டர் தள்ளி உட்காருபவருக்கும் 80 டெசிபல் கிடைத்துவிடும். அதுவே உரத்த சத்தம்தான். டிரம் அடி போன்ற உச்சங்கள் சராசரியைவிட 15 டெசிபல் எகிறினால், அந்தக் கணத்துக்கு 30 வாட் சொச்சம் தேவைப்படும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே இருப்பது வெறும் 3 டெசிபல். “கொஞ்சம் கூடியிருக்கிறதோ?” என்று காது சந்தேகப்படும், அவ்வளவுதான்.

இப்போது ஓமுக்கு வருவோம். மல்டிமீட்டரை வைத்து அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் பெரும்பாலும் 6-ஐ ஒட்டித்தான் காட்டும். அது, ஸ்பீக்கர் கூம்பின் பின்னால் ஒட்டியிருக்கும் கம்பிச் சுருளான காயிலின் வெறும் கம்பித் தடை. பாட்டு ஓடும்போது கதையே வேறு. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஸ்பீக்கரிலிருந்து ஒயர்களை முழுக்கக் கழற்றிவிடுங்கள். வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய கூம்பின் ஓரத்தை விரல் நுனியால் மெதுவாகத் தட்டுங்கள். ‘தொம்ம்’ என்று ஒரு இழுவை கேட்கும். இப்போது ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். ‘டப்’. இழுவை போய்விட்டது. மின்சாரமே இல்லாமல், ஒரு துண்டுக் கம்பி கூம்பைக் கட்டிப்போட்டுவிட்டது!

நடந்தது பள்ளியில் படித்த லென்ஸ் விதிதான். கூம்போடு சேர்ந்து காயில் காந்தத்துக்குள் அசைகிறது. அசையும் காயில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. முனைகள் திறந்திருந்தால் மின்னோட்டத்துக்கு வழியில்லை. இணைத்தால் மின்னோட்டம் பாய்ந்து, அசைவையே எதிர்க்கும் விசையாகத் திரும்புகிறது. அதாவது ஸ்பீக்கர் எப்போதும் ஒரு குட்டி ஜெனரேட்டரும்கூட. ஆம்ப்ளிஃபையர் தள்ளும்போதெல்லாம் அது எதிர்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறது.

அந்த எதிர்ப்பேச்சு எல்லா சுருதியிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. வூஃபர் தானாகவே ஆட விரும்பும் சுருதியான ஒத்ததிர்வு, சாதாரணமாக 40 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் எங்கோ இருக்கும். அங்கே கூம்பு மிகச் சுலபமாக ஆடுகிறது. எதிர் மின்னழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. ஆம்ப்ளிஃபையரால் மின்னோட்டத்தை உள்ளே தள்ள முடிவதில்லை. 8 ஓம் ஸ்பீக்கர் அங்கே 20, 30 ஓமாகத் தெரியும். அதைத் தாண்டி 100, 200 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் எதிர்ப்பு அடங்கி, ஏறக்குறைய கம்பித் தடை மட்டும் மிஞ்சுகிறது. ஆண் குரலின் அடர்த்தியும் டிரம்மின் உடலும் இருக்கும் இடம் அது. ஆம்ப்ளிஃபையருக்கு உண்மையான பளு அங்கேதான். மிகக் குறைந்த ஓம், அறிவித்த எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்கிறது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60268-5 தரவிதி. 8 என்றால் 6.4. பல நிறுவனங்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. 4-க்கு இறங்கும் ஸ்பீக்கரிலும் கூசாமல் 8 என்று அச்சடிக்கிறார்கள்.

ஆம்ப்ளிஃபையர் இணைந்திருக்கும்போது அந்தத் துண்டுக் கம்பியின் வேலையை அதுவே செய்கிறது. பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக், 1927-ல் படகில் வேலைக்குப் போகும் வழியில், கையிலிருந்த செய்தித்தாளின் மேலேயே எழுதி வைத்த எதிர்ப் பின்னூட்டம்தான் காரணம். வெளியே போன மின்னழுத்தத்தில் ஒரு பங்கை உள்ளே வந்ததோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் உடனே திருத்துவது அது. கூம்பு கிளப்பும் மின்னழுத்தமும் அதன் கண்ணுக்கு ஒரு பிழையே, அமுக்கிவிடுகிறது. ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபையர் கிட்டத்தட்ட தடையே இல்லாத கம்பியாகத் தெரிகிறது.

இதைத்தான் ‘டேம்பிங் ஃபேக்டர் 1000’ என்று விற்கிறார்கள். ஸ்பீக்கரின் 8 ஓமை ஆம்ப்ளிஃபையரின் உள்தடையால் வகுத்தால் வரும் எண் அது. 100 என்றால் உள்தடை 0.08 ஓம்; 1000 என்றால் 0.008. ஆனால் அதே சுற்றில் காயிலின் 6 ஓம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதே! 6.08-க்கும் 6.008-க்கும் இடையில் எந்தக் காது எதைக் கண்டுபிடிக்கும்? ஒலி மேம்படும் என்று சொல்லி, ஸ்பீக்கர் கேபிள் தரையில் படாமல் தூக்கி வைக்கப் பீடம் விற்பவர்களிடமும் இதே மல்டிமீட்டரைக் காட்டலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கச் சொன்னால் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். படித்தவர்களின் மூடநம்பிக்கைக்கு விலை மட்டும் கொஞ்சம் அதிகம். கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் பழைய பாணி வால்வு ஆம்ப்ளிஃபையர் விஷயம் வேறு. அதில் உள்தடை ஓரிரு ஓம் வரை போகும் என்பதால், பேஸ் நிஜமாகவே மாறிக் கேட்கும்.

ஆக, பார்க்க வேண்டியது மின்னோட்டம். 8 ஓமில் 50 வாட் என்றால் 20 வோல்ட், 2.5 ஆம்பியர். ஸ்பீக்கர் 4 ஓமுக்கு இறங்கினால் அதே 20 வோல்ட்டுக்கு 5 ஆம்பியர் தர வேண்டும். ‘8 ஓமில் 50, 4 ஓமில் 85’ என்று போட்டிருந்தால் உள்ளே பவர் சப்ளை தெம்பாக இருக்கிறது என்று நம்பலாம். 4 ஓம் பற்றிப் பேச்சே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். திணறும் ஆம்ப்ளிஃபையரில் ஒலியலையின் தலை வெட்டுப்படும். முதலில் பலியாவது, கீச்சு ஒலிகளுக்கான குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டர்.

வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்வது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே விதி போட்டது. ஆனாலும் 7 சேனல் ரிசீவர்களின் பெட்டியில் ‘1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும்’ என்று பொடி எழுத்தில் இருப்பதைப் பார்க்கலாம். டிஸ்டார்ஷன் என்றால் ஒலிச் சிதைவு; இப்படி அளந்தால் வாட் எண் பெரிதாகத் தெரியும். ‘20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் சேர்ந்து’ என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பில் கிளாஸ் ஏபியா, கிளாஸ் டியா என்ற சண்டையில் எனக்கு அக்கறையில்லை. இரண்டிலும் நல்லவை உண்டு.

கேட்டவருக்கு என் பதில்: உங்கள் ஸ்பீக்கர் 4 ஓமுக்குக் கீழே இறங்காதென்றால், அந்த அளவைத் தாங்கும் 50 வாட் ரிசீவர் தாராளம். 3 வரை இறங்குமென்றால், ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல் தரும் முனை) உள்ள ரிசீவராகப் பார்த்து வாங்கி, முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் தனி பவர் ஆம்ப்ளிஃபையர் போட்டுவிடுங்கள்.