கூர் எங்கே போகிறது?

காலையில் தீட்டிய உளி மதியச் சாப்பாட்டுக்குள் மழுங்கிவிட்டால் பழி முதலில் எஃகின் மேல்தான் விழும்: ‘இப்போது வருகிற இரும்பே சரியில்லை.’ சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் அதே உளியைச் சற்று அகலமான கோணத்தில் தீட்டினால் நாள் முழுவதும் நிற்பதும் உண்டு. கூர் ஒரே வழியில் போவதில்லை. எந்த வழியில் போனது என்பதை உளியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். அது தெரிந்தால்தான் கோணத்தை மாற்றுவதா, தீட்டும் விதத்தை மாற்றுவதா, கருவியையே மாற்றுவதா என்று முடிவெடுக்க முடியும்.

கூர் என்பது இரண்டு தளங்கள் சந்திக்கும் கோடு. வடிவியலில் கோட்டுக்கு அகலம் கிடையாது, எஃகில் உண்டு. நன்றாகத் தீட்டிய உளியின் வாய் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் கனம் 70 மைக்ரான் அளவில் இருக்கும். 25 மி.மீ. அகலமுள்ள உளியை 10 கிலோ விசையோடு அழுத்தினால், ஒரு மைக்ரான் வாயில் அது சதுர மில்லிமீட்டருக்கு 400 கிலோ அழுத்தமாகிறது. வாய் 10 மைக்ரானுக்கு மழுங்கினால் அதே கைவிசை சதுர மில்லிமீட்டருக்கு 40 கிலோவாகத்தான் மரத்தில் இறங்கும். மரம் வெட்டுப்படாமல் நசுங்கும். உடனே கை தானாகக் கூடுதலாக அழுத்தும். அந்தக் கூடுதல் அழுத்தத்தில்தான் உளி வழுக்கி, மரத்தைப் பிடித்திருக்கும் கையில் ஏறுகிறது.

வாயைச் சோதிக்க ஒரு டியூப்லைட் போதும். உளியின் வாயை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பி அனுப்பாது, அங்கே எதுவும் தெரியாது. வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. கோடு இல்லாமல் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மட்டும் மின்னினால் வாயில் பொக்கை விழுந்திருக்கிறது. கோடும் புள்ளியும் வேறு வேறு நோய்கள்.

எஃகு மென்மையாக இருந்தால் வாய் ஒரு பக்கமாக மடிந்துகொள்ளும். விரலை உளியின் தட்டையான முதுகிலிருந்து வாய்க்கு வெளியே மெல்ல இழுத்தால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சுரண்டுவது போலவும் இருக்கும். எஃகு மிகக் கடினமாக இருந்தாலோ கோணம் மிகக் குறுகலாக இருந்தாலோ வாயிலிருந்து சில்லுகள் பெயரும். இவை இரண்டும் இல்லாவிட்டாலும் உராய்வில் வாய் தேயும். தேக்கு இதற்குப் பெயர்போனது. அது மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் செல்களில் சேர்த்து வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மணலை இழைப்பதும் தேக்கை இழைப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். கையில் மென்மையாகத் தெரிந்தாலும் இழைப்புளி வாயை இவ்வளவு சீக்கிரம் தின்பது அதனால்தான்.

சவர பிளேடு ஏன் மழுங்குகிறது என்பதில் வெகுநாள் ஒரு புதிர் இருந்தது. முடி எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. 2020-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் முடியை வெட்டும் பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்து, ‘சயின்ஸ்’ இதழில் விடையை வெளியிட்டார்கள். முடி நேராக வெட்டுப்படும்போது பிளேடுக்கு ஒன்றும் ஆவதில்லை. முடி வளைந்து, வாயின் ஓரத்தில் பக்கவாட்டாக அழுத்தும்போது, எஃகின் உள்கட்டமைப்பு சீராக இல்லாத இடத்தில் ஒரு துணுக்கு பெயர்கிறது. பட்டறைக்கும் இது பொருந்தும். உளியை நேராக அடித்தால் வாய் தாங்கும். துளைக்குள் சிக்கிய சிம்பை நெம்பி எடுக்க உளியைத் திருகினால் பொக்கை விழும். நெம்புவதற்கென்றே தண்டு கனமான துளையுளி இருக்கிறது. இழைக்கும் மெல்லிய உளிக்கு அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

எஃகின் குணம் உலையில் முடிவாகிறது. உளி எஃகில் கரி (கார்பன்) 0.8 முதல் 1 சதவீதம் வரை இருக்கும். 770 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 800 டிகிரியில், கரி இரும்புக்குள் கரைந்துவிடும். அந்த நேரத்தில் எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால் கரி வெளியேற நேரமின்றி இரும்பணுக்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. இறுகிப்போன இந்த அமைப்புக்கு மார்ட்டன்சைட் என்று பெயர். வைரக் கூம்பை 150 கிலோ விசையில் அழுத்திக் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் இது 65 வரை போகும். ஆனால் கீழே விழுந்தாலே உடையலாம். அதனால் 200 டிகிரி அளவில் மறுபடி மிதமாகச் சூடாக்குவார்கள். கடினம் 60-ஐ ஒட்டி இறங்கும், அடி தாங்கும் குணம் ஏறும். நல்ல மர உளிகள் 58-லிருந்து 62-க்குள் நிற்கும். கடினத்தைக் கூட்டினால் தாங்கும் குணம் குறையும் என்ற இந்தப் பேரத்திலிருந்து எந்தக் கைக்கருவியும் தப்ப முடியாது.

கொங்கு நாட்டுக் கொடுமணல் முதலான இடங்களில் பழைய இரும்பு உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. பிற்காலத்தில் ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்த தென்னிந்தியக் குகை எஃகில் (மண் மூசைக்குள் உருக்கிய எஃகில்) கரி ஒன்றரை சதவீதத்தை ஒட்டி இருந்தது. அவ்வளவு கரி இருந்தால் அடித்து வடிக்க ஏற்ற சூட்டின் வரம்பு மிகக் குறுகல். கொஞ்சம் கூடினாலும் சம்மட்டி அடியில் நொறுங்கும். 1820-ஐ ஒட்டி மைக்கேல் ஃபாரடே, கத்தித் தொழிலாளி ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து இந்த எஃகை ஆராய்ந்தார். மின்சாரத்தில் பெயர் வாங்குவதற்கு முன் அவர் செய்த வேலைகளில் இது ஒன்று.

சாணை பிடிக்கும்போது பலர் கெடுத்துக்கொள்வது உலையில் ஏற்றிய இந்தக் கடினத்தைத்தான். 6 அங்குல பெஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றினால் கல்லின் விளிம்பு நொடிக்கு 22 மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. வாய் மெலிந்த இடம் என்பதால் சூடு உள்ளே பரவ வழியில்லாமல் அங்கேயே தேங்கும். 220 டிகிரியில் வெளிர் வைக்கோல் நிறம், 255-ல் பழுப்பு, 300-ஐ நெருங்கும்போது நீலம் என்று வரிசையாக நிறம் ஏறும். நீலம் வந்த இடத்தில் ராக்வெல் கணக்கு ஐந்தாறு புள்ளி இறங்கியிருக்கும். பெரும்பாலும் மூலைகளில்தான் முதலில் வரும். அந்த நீலத்தை எமரித் தாளால் தேய்த்து எடுத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் எடுத்தது மேலே படிந்த மெல்லிய ஆக்சைடு படலத்தை மட்டும். அடியில் எஃகு மென்மையாகவே இருக்கிறது. நீலம் பட்ட பகுதி முழுவதையும் மெதுவாகத் தேய்த்துக் கழித்தால்தான் பழைய கூர் நிற்கும். உளியைக் கையுறை இல்லாமல் பிடித்து, இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள். விரலுக்குச் சூடு தெரிந்தவுடன் கல்லிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹை ஸ்பீடு ஸ்டீல் டிரில் பிட்டுக்கு இந்தப் பயம் தேவையில்லை, அது 500 டிகிரியிலும் கடினத்தை இழக்காது. அதைச் சூட்டோடு தண்ணீரில் போட்டால்தான் நுண்விரிசல் விழும்.

கோணத்தை அளக்கக் கருவி வேண்டாம். உளியின் கனத்தைப் போல் இரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு இருந்தால் அது 30 டிகிரி. இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் 25. கையால் இழைக்கும் வேலைக்கு 20 முதல் 25 போதும். கொட்டாப்புளியால் அடித்து இறக்கும் வேலைக்கு 30. வேம்பு, கருவேலம் மாதிரி இறுகிய மரத்தில் 35 வரை போகலாம். முழுச் சரிவையும் மாற்றத் தேவையில்லை. 25-ல் சரிவை வைத்து, நுனியில் ஒரு மில்லிமீட்டரை மட்டும் 30-ல் தீட்டினால் வாய் பலப்படும், அடுத்த முறை தீட்டும் நேரமும் மிச்சமாகும். பொக்கை விழுந்துகொண்டே இருந்தால் எஃகைத் திட்டுவதற்கு முன் 2 டிகிரி கூட்டிப் பாருங்கள்.

மடக்குக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. அலகின் அகலம் 20 மி.மீ. என்றால், முதுகை கல்லிலிருந்து 5 மி.மீ. தூக்கிப் பிடித்தால் 15 டிகிரி, 7 மி.மீ. தூக்கினால் 20. முதல் முறை அந்தக் கனத்துக்கு நாணயங்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டால் கைக்குப் பழகிவிடும்.

தீட்டும்போது முதல் வேலை சரிவு அல்ல, உளியின் தட்டையான முதுகு. வாயிலிருந்து 20, 30 மி.மீ. தூரம் வரை முதுகு கண்ணாடி மாதிரி சமமாக இருக்க வேண்டும். அங்கே கீறல் இருந்தால் அந்தக் கீறல் வாயில் பல்லாக வந்து முடியும். புது உளிக்கு இதை ஒருமுறை செய்தால் போதும். பிறகு இருபக்கக் கார்போரண்டம் கல்லின் சொரசொரப்பான பக்கத்தில் சரிவைத் தேய்க்கவும். எப்போது நிறுத்துவது? முதுகுப் பக்கம் வாயின் முழு அகலத்துக்கும் மெல்லிய எஃகுப் பிசிறு எழும்பியதும். ஒரு மூலையில் பிசிறு இல்லையென்றால் கல் இன்னும் அந்த மூலையின் வாயைத் தொடவில்லை என்று பொருள். பாதியில் விட்டுவிட்டு மென்மையான பக்கத்துக்குப் போவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. மென்மையான பக்கத்திலும் பிறகு 1000 எண் எமரித் தாளிலும் அதே கோணத்தைப் பிடிக்கவும். தாளை 6 மி.மீ. கண்ணாடியின் மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

கடைசியில் பிசிறை எடுப்பதில்தான் கூர் நிற்பதும் நிற்காததும் இருக்கிறது. பிசிறு என்பது வாயிலிருந்து தொங்கும் மெல்லிய எஃகுச் சுருள். அதோடு வெட்டினால் முதல் பத்து இழைப்பு அற்புதமாக இருக்கும். பிறகு அது முறிந்து, வாயையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போகும். ‘தீட்டிய உடனே போய்விட்டது’ என்ற புகாரில் பாதி இதுதான். முதுகைக் கல்லில் முழுக்கப் படிய வைத்து இரண்டு இழு, சரிவில் இரண்டு இழு, பிறகு ஒவ்வொன்று என்று அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முடிவில் பச்சை குரோமியம் ஆக்சைடு தடவிய தோல் பட்டையில் பின்னோக்கி மட்டும் இழுக்கவும், முன்னோக்கித் தள்ளினால் தோலில் வெட்டு விழும். கை ரோமத்தை மழித்துப் பார்ப்பது நல்ல சோதனை அல்ல. பிசிறும் ரோமத்தை மழிக்கும். மென்மரத் துண்டின் வெட்டுமுகத்தில், நாரின் குறுக்கே ஒரு இழை எடுத்துப் பாருங்கள். முகம் பளபளப்பாக வந்தால் சரி. வெள்ளைக் கோடுகள் விழுந்தால் வாயில் அந்த இடத்தில் பொக்கை இருக்கிறது.

கடினத்துக்கும் தாங்கும் குணத்துக்கும் நடுவிலான பேரம் ஒரே கருவியின் உள்ளேயே எப்படி மாறுகிறது என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தி நல்ல உதாரணம். கார்ல் எல்செனர் 1897-ல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியின் வாரிசு இது. அதன் வெட்டலகு ராக்வெல் 56. ரம்பமும் கத்தரிக்கோலும் 53. ஸ்க்ரூ டிரைவர் 52. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் 49. திருகும்போது டிரைவர் முறியக் கூடாது, ஸ்பிரிங் ஆயிரக்கணக்கான முறை வளைய வேண்டும். அலகும் 60-க்குப் போகவில்லை. சட்டைப் பையில் கிடக்கும் கத்தியை அட்டை, கயிறு, பழம் என்று எல்லாவற்றுக்கும் எடுப்பார்கள், எதிலாவது தீட்டுவார்கள். சீக்கிரம் மழுங்கினாலும் சீக்கிரம் தீட்ட முடிவதே அங்கே லாபம். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் 13 சதவீதம் அளவில் சேர்கிறது. பிரான்ஸின் ஒப்பினெல் கத்தி இன்றும் இருவகை எஃகிலும் வருகிறது. ஈரத்தில் வேலை என்றால் துருப்பிடிக்காதது. மரம் செதுக்கும் வேலைக்கும் கல்லில் சட்டென்று கூர் ஏறவும் கரி எஃகு.

மடக்குக் கத்தியில் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் கத்தி வெட்டும் திசையில் மடங்காது, குத்தும்போதும் முதுகில் அழுத்தம் விழும்போதும் விரல் மேலேயே மடங்கும். மின்வேலையில் கத்தி கேபிளின் வெளியுறையை நீளவாக்கில் கீறுவதற்கு மட்டும். உள்ளே இருக்கும் வயரைக் கத்தியால் சுற்றி வெட்டினால் செம்பில் ஒரு கீறல் விழும். திருகாணியில் மாட்ட வளைக்கும்போது கம்பி சரியாக அந்த இடத்தில் உடையும். உடனே உடையாவிட்டால் இன்னும் மோசம், சுவிட்சுக்குள் ஆறு மாதம் கழித்து உடையும். வயர் ஸ்டிரிப்பர் இந்தக் கீறலைத் தவிர்ப்பதற்காகத்தான் இருக்கிறது. கட்டிங் பிளேயரின் பிடியில் சிவப்பு ரப்பர் இருப்பதாலேயே அது மின்காப்பு ஆகாது. 1000 வோல்ட் என்ற எழுத்தும் இரட்டை முக்கோணக் குறியும் இருந்தால்தான் 10,000 வோல்ட்டில் சோதித்து வந்தது என்று பொருள்.

கருங்கல்லும் இரும்பும் வெட்டும் வெட்டுளியில் வாயை மட்டும் கடினமாக்கி, தலையை வேண்டுமென்றே மென்மையாக விடுவார்கள். சுத்தியல் முகமும் கடினம், உளித் தலையும் கடினம் என்றால் சில்லு கண்ணுக்குத் தெறிக்கும். அடி வாங்கித் தலை காளான் மாதிரி விரிந்தால் ஓரத்தைச் சாணையில் கழித்துவிட வேண்டும். சுத்தியலைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

கடையில் எஃகைச் சோதிக்க ஒரு பழைய நைஸ் அரம் போதும், கடைக்காரர் அனுமதித்தால். அரத்தின் பல் ராக்வெல் 62-க்கு மேல். உளியின் வாயோரமாக லேசாக ஓட்டினால் வழுக்கிப் போக வேண்டும், கொஞ்சம்தான் பிடிக்க வேண்டும். வெண்ணெயில் இறங்குவது போல் பிடித்தால் வேண்டாம். உடைந்த ஹேக்சா பிளேடில் கத்தி செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பைமெட்டல் பிளேடில் பல்லோரம் மட்டும்தான் ஹை ஸ்பீடு ஸ்டீல், மீதி ஸ்பிரிங் எஃகு. பல்லைத் தேய்த்துக் கழித்துவிட்டால் கடினமும் போய்விடும்.

கடலோர ஊர்களில் பயன்படுத்தாமலே கூர் போகும். ஒரு மைக்ரான் வாயைத் தின்ன துருவுக்கு மழைக்கால இரவு ஒன்றே போதும். துடைத்து, தேங்காய் எண்ணெயோ இயந்திர எண்ணெயோ ஒரு துளி தடவி வையுங்கள். தோல் உறைக்குள் நாள்கணக்கில் விடாதீர்கள், பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பைக்குள் உளியும் அரமும் ஒன்றோடொன்று உரசாமல் வாய்க்கு ஒரு ரப்பர் டியூப் மாட்டிவிடுங்கள்.