பாங்காக்கின் நான்கு மீட்டர் வீடுகள்: தளத்தை வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

பாங்காக்கின் பழைய தெருக்களில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் கடைவீடுகளைத் தாய் மொழியில் 'துக் தேவ்' என்பார்கள். கீழே கடை, மேலே குடும்பம். அகலம் மூன்றரை அல்லது நான்கு மீட்டர், ஆழம் 12 முதல் 16 மீட்டர், உயரம் மூன்று முதல் ஐந்து மாடி. கடையை மூடிவிட்ட பெற்றோர், அலுவலக வேலைக்குப் போகும் பிள்ளைகள், நகரத்துக்குள் மனை வாங்க முடியாத விலை: இவை மூன்றும் சேரும் இடத்தில்தான் இந்தக் கட்டடத்தை முழு வீடாக மாற்றும் யோசனை பிறக்கிறது. இன்றைய தாய்லாந்துக் கட்டடக் கலைஞர்கள் பலருக்குத் தொழில் பழகும் களமும் இதுதான்.

இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர் என்பதால் சன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டுமே வைக்கலாம். சன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உபயோகமாக உள்ளே வரும். மேல்விளிம்பு 2.2 மீட்டர் என்றால் சுமார் 5 மீட்டர். பதினாறு மீட்டர் ஆழத்தில் முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து போக, நடுவில் ஆறு மீட்டருக்கு நண்பகலிலும் விளக்குப் போட வேண்டும். 2000ஆம் ஆண்டின் 55ஆம் எண் அமைச்சக விதி, 16 மீட்டருக்கு மேல் ஆழமான கடைவீட்டில் 12க்கும் 16க்கும் இடையே, தரைத்தளப் பரப்பில் 10 சதவீதத்துக்குக் குறையாத திறந்த வெளி வேண்டும் என்கிறது. பழைய கடைவீடுகள் பலவும் அதற்கு முன்பே எழுந்தவை. அவற்றில் அந்த வெளியைத் தேடிப் பயனில்லை.

ஆகவே எல்லாரும் கையில் எடுக்கும் வைத்தியம் ஒன்றே: நடுவில் தளத்தை வெட்டி வெளிச்சத்தை இறக்குவது. வைத்தியம் சரிதான். எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் வீடுகள் கெட்டுப்போகின்றன. அதைத் தீர்மானிக்க வேண்டியது அந்தக் குடும்பத்தின் அன்றாடம். பத்திரிகையில் பார்த்த படத்தை வைத்து வெட்டினால் பிறகு வருந்த வேண்டிவரும்.

முதல் சந்திப்பில் 'எத்தனை படுக்கையறை?' என்று கேட்பது பயன் குறைந்த கேள்வி. யார் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள், இரவு வேலை முடிந்து வருபவர் உண்டா, பூண்டும் மிளகாயும் வாரத்தில் எத்தனை நாள் வதங்குகின்றன, வாசலில் எத்தனை ஜோடி செருப்பு, மோட்டார் சைக்கிள் இரவில் எங்கே நிற்கும், இணையத்தில் பொருள் விற்கும் மகளுக்கு எத்தனை அட்டைப்பெட்டி, அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறதா, சாமி அறை எங்கே. இவற்றுக்கான பதில்கள் நேராகக் கட்டடத்தின் குறுக்குவெட்டில் போய் உட்காரும். விடியற்காலை நான்கு மணிக்குச் சந்தைக்குக் கிளம்பும் தாயும் ஒரு மணிக்கு வீடு திரும்பும் மகனும் இருக்கும் வீட்டில், நடுவெளியைப் பார்த்துப் படுக்கையறைகளைத் திறந்துவைத்தால் இருவருக்கும் தூக்கம் போச்சு. அங்கே வெளி படிக்கட்டோடு ஒட்டி இருக்க வேண்டும். அறைகள் கண்ணாடித் தடுப்பால் மூடிக்கொள்ள வேண்டும். குளிர்சாதனக் காற்று தப்பாமலிருக்கவும் அதே தடுப்புதான் உதவும்.

சாமி அறையை வரைபடத்தில் முதலில் குறித்துவிடுவது நல்லது. புத்தர் சிலைக்கு மேல் கழிப்பறை வரக் கூடாது, கழிப்பறைச் சுவரில் சாய்ந்திருக்கக் கூடாது, படிக்கட்டுக்கு அடியில் இருக்கக் கூடாது, படுப்பவரின் கால் அந்தப் பக்கம் நீளக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் இதனாலேயே அது மேல்மாடிக்குப் போகிறது. அங்கே போனால் மாடிக் குளியலறைகளின் குழாய்த்தண்டு எந்தப் பக்கம் இறங்கலாம் என்பதும் முடிவாகிவிடும். படுக்கையின் தலைமாடு மேற்கே இருப்பதையும் ஏற்கமாட்டார்கள். அது இறந்தவருக்குரிய திசை. இரண்டரை மீட்டர் அகல அறையில் கட்டிலைத் திருப்பிப்போட இடமிருக்காது. கதவு எந்த மூலையில் என்பதை இந்த ஒன்றே தீர்மானித்துவிடும். கடைசியில் நினைவுக்கு வந்தால் சுவரை இடிக்க வேண்டியதுதான்.

இனி வெட்டு. முதலில் தளம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். வார்த்த கான்கிரீட் தளம் ஒரு வகை. முன்கூட்டியே இறுக்கிய கம்பிகளுள்ள பலகைகளைப் பீம் மேல் அடுக்கி, மேலே ஐந்து சென்டிமீட்டர் கான்கிரீட் போட்டது இன்னொரு வகை. பலகை வழக்கமாக 35 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் தடிமன். கீழிருந்து பார்த்தால் பலகைக் கோடுகள் தெரியும். பொய்க்கூரை இருந்தால் ஒரு சதுரத்தைக் கழற்றிப் பாருங்கள். பலகைத் தளத்தை நடுவில் சதுரமாக வெட்டினால், மிச்சமிருக்கும் அரைப்பலகைகளுக்கு ஒரு முனையில் தாங்கலே இல்லை; அறுந்த கம்பியின் இறுக்கமும் தளர்ந்துவிடும். எடுப்பதாக இருந்தால் பீமிலிருந்து பீம் வரை முழுப் பலகைகளாக எடுக்க வேண்டும். ஆறு பலகை எடுத்தால் 2.1 மீட்டர் அகல வெளி கிடைக்கும். பீமை மட்டும் எந்த ஆசைக்காகவும் தொடக் கூடாது. இரு பக்கத்துத் தூண்களையும் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான், அந்தத் தூண்களில் பாதி அண்டை வீட்டுக்காரருடையவை.

அளவுக்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. தூண், பீம் எண்ணிக்கை மாறாமல், தளத்தின் பரப்பு மொத்தம் 5 சதுர மீட்டருக்கு மிகாமல் கூடினாலோ குறைந்தாலோ அது 'மாற்றியமைத்தல்' ஆகாது என்கிறது 1985ஆம் ஆண்டின் 11ஆம் எண் விதி, அனுமதி தேவைப்படாது. 2.1 மீட்டருக்கு 2.3 மீட்டர் என்றால் 4.83, கோட்டுக்குள் நிற்கிறது. இரண்டு மூன்று மாடிகளில் வெட்டுவதானால் மாவட்ட அலுவலகத்தில் வரைபடத்தோடு கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியாக ஐந்து என்று ஒப்பந்தக்காரர் சொல்வதை நம்பி இறங்கக் கூடாது.

மேலே கூரையில் கிடைமட்டக் கண்ணாடி போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பாங்காக் பதின்மூன்றே முக்கால் பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்குமேல். (சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல, கிட்டத்தட்ட அதே அட்சம்.) கிடைமட்டக் கண்ணாடி அந்த வெயிலை அப்படியே உள்ளே ஊற்றும், மழைக்காலத்தில் விளிம்பில் ஒழுகும். வெட்டிய வெளிக்கு மேல் கூரையை ஒரு மீட்டர் தூக்கி, பக்கவாட்டில் வடக்கு பார்த்துக் கண்ணாடியும் மற்றப் பக்கங்களில் நிலையான சாய்பலகைச் சன்னலும் வைத்தால் வெளிச்சம் வரும், சூடான காற்று தானாக மேலேறி வெளியேறும். கொசுவலை காற்றை நன்றாகவே தடுக்கும் என்பதால் திறப்பைக் கணக்கைவிடப் பெரிதாக்க வேண்டும். காற்று மேலேற வேண்டுமானால் கீழே நுழைய வழி வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்: முன் கதவுக்கு மேல் துளைக்கல் வரிசை வைத்தால் கதவு பூட்டியிருக்கும்போதும் காற்று நுழையும்.

வெளிச்சம் இறங்கும் அதே வழியில் புகையும் ஏறும். அதனால் சமையலறை இந்த வெளியைப் பார்க்கக் கூடாது. தீப்பிடித்தாலும் அப்படித்தான். தாய்லாந்து வீட்டில் இரண்டு சமையல் இடம் இருப்பது ஆடம்பரமில்லை. உள்ளே காப்பிக்கும் மைக்ரோவேவுக்கும் ஒரு மேடை. உரலும் பெரிய வாணலியும் கொண்ட 'க்ருவா தாய்' எனும் தாய்லாந்துச் சமையலறை பின்னால், பாதி வெளியில்.

பாங்காக்கில் அதிகம் பணம் வீணாவதும் இந்தப் பின் சமையலறையில்தான். கடைவீட்டுக்குப் பின்னால் 3 மீட்டர், வரிசை வீட்டுக்குப் பின்னால் 2 மீட்டர் காலியாக விட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் பலர் அங்கே கூரை போட்டுச் சமையலறை கட்டிவிடுகிறார்கள். விதி மீறலை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் மண் சும்மா விடுவதில்லை. நகரத்தின் அடியில் பத்துப் பதினைந்து மீட்டர் வரை மென்களிமண். மூலக்கட்டடம் ஆழமான பைல்களில் (மண்ணுக்குள் இறக்கிய கான்கிரீட் கால்களில்), அதற்குக் கீழுள்ள கெட்டி மண்ணில் நிற்கிறது. பின்னால் ஒட்டுவது ஆறு மீட்டர் குட்டைப் பைலில், அல்லது வெறும் தரைத்தளத்தில். அது களிமண்ணோடு சேர்ந்து வருடாவருடம் இறங்கும், மூலக்கட்டடம் இறங்காது. இரண்டையும் கம்பி வைத்துக் கட்டியிருந்தால் ஒட்டுப்பகுதி வீட்டைத் தொங்கி இழுக்கும். சுவரில் மூலைவிட்டமாக விரிசல், ஓடுகள் பிளவு, கூரைச் சந்தில் ஒழுகல், எதிர்ப்பக்கமாகச் சரியும் கழிவுநீர்க் குழாய் எல்லாம் அதன் பிறகு வருபவை. விரிசலில் சிமென்ட் பூசுவது அடுத்த மழை வரைக்குமான சமாதானம்.

சரியாகச் செய்ய இரண்டு வழி. ஒன்று, ஒட்டுப்பகுதியும் கெட்டி மண்ணைத் தொடும்படி மைக்ரோபைல் இறக்குவது: ஒன்றரை மீட்டர்த் துண்டுகளாக வந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து, சிறிய இயந்திரத்தால் அடிக்கப்படுவதால் குறுகிய சந்துக்குள்ளும் கொண்டுபோகலாம். செலவு அதிகம். இன்னொன்று, அது இறங்கத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு தனியாக நிறுத்துவது: நடுவில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி, உள்ளே நுரைக் கயிறு, மேலே பாலியூரித்தேன் சீலன்ட், இடைவெளியை மேலே மூடும் தகடு வீட்டுச் சுவரில் மட்டும் பிணைக்கப்பட்டு, கீழுள்ள கூரை அதனடியில் தன்பாட்டில் இறங்கும்படி, குழாய்கள் கடக்கும் இடத்தில் வளையும் இணைப்பு. சுவருக்குப் பதில் இலேசான தகடும் துளைக்கல்லும். சமையல் சூட்டுக்கும் அதுவே நல்லது. பட்ஜெட் சிறியதென்றால் இரண்டாவதே உத்தமம்.

படிக்கட்டு விஷயத்தில் சட்டத்தின் குறைந்தபட்சம் முதியவருக்குப் போதாது. அகலம் 80 சென்டிமீட்டர், ஏற்றம் அதிகபட்சம் 20, மிதி குறைந்தது 22. ஒரே மூச்சில் மூன்று மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. கடைவீட்டுத் தரைத்தளம் மூன்றரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 18 ஏற்றம், 16 மிதி, 80 சென்டிமீட்டர் இடைமேடை ஒன்று: நீளம் 4.32 மீட்டர். அதையே 21 ஏற்றமாக்கி மிதியை 25 ஆக்கினால் 5.55. வித்தியாசம் 1.23 மீட்டர். அந்த இடத்தைக் கொடுக்க மனமில்லாதவர்கள் அம்மாவின் அறையையும் ஒரு குளியலறையையும் தரைத்தளத்தில் வைத்துவிடுவதே நேர்மை. தெருப்பக்கத்தில் வேண்டாம், நடு வெளியின் ஓரமாக, யார் வருகிறார்கள் என்று படுக்கையிலிருந்தே தெரியும்படி.

தனி மனை வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இரக்கம் காட்டுவதில்லை. தாய்லாந்து அளவில் 40 சதுர வா, அதாவது 160 சதுர மீட்டர், எட்டு மீட்டர் அகலம். சன்னலுள்ள சுவர் எல்லையிலிருந்து 2 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். கட்டடம் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் 3 மீட்டர். சன்னலில்லாச் சுவருக்கு 50 சென்டிமீட்டர் போதும். இருபுறமும் சன்னல் வைத்தால் வீடு நான்கு மீட்டர், கடைவீடேதான்! இருபுறமும் மூடிவிட்டு நடுவே முற்றம் விட்டால் ஏழு மீட்டர். பாங்காக்கின் புதிய வீடுகள் தெருவுக்கு முகம் காட்டாமல் உள்ளே திரும்பியிருப்பதற்கு அழகியல் மட்டும் காரணமில்லை.

அன்றாடத்திலிருந்து தொடங்கும் இந்த அணுகுமுறையைக் குடியிருப்பவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டவர்கள் உண்டு. கட்டடக் கலைஞர் சத்பொங் சுவென்ருதீமொல், தெருவோரக் கடைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் தாமாகக் கண்டுபிடித்த ஒட்டுவேலைகளை அளந்து வரைந்து, 'பாங்காக் பாஸ்டர்ட்ஸ்' என்ற பெயரில் ஆவணப்படுத்தினார். 2003இல் தொடங்கிய அரசின் 'பான் மன்கோங்' திட்டத்தில் குடிசைப்பகுதி மக்களே கூடி உட்கார்ந்து மனைப்பிரிவையும் வீட்டு வகையையும் முடிவு செய்கிறார்கள். கட்டடக் கலைஞர் உடனிருந்து வரைந்து தருவார்.

மின் இணைப்பு கடைசியில் வந்தாலும் அலட்சியம் வேண்டாம். 2011 வெள்ளம் பார்த்த நாடு. தெருவை உயர்த்தி உயர்த்தி, வீடு தாழ்ந்துபோன சந்துகள் நிறைய. தரைத்தளப் பிளக்குகள் தனிச் சுற்றில், தரையிலிருந்து ஒரு மீட்டராவது மேலே, மெயின் பலகை முதல் மாடியில், கழிவுநீர் வெளியேறும் இடத்தில் எதிர்நீர் தடுக்கும் வால்வு. பொய்க்கூரையை மூடுவதற்கு முன் தூக்கிய கூரையின் நான்கு பக்கத்திலும் குழாயை வைத்து அரைமணி நேரம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஒழுகல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.