இடைவெளி வேறு, ஆயிடை வேறு

சென்ற மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவ முகாமில் எடுத்த உயரம், எடை விவரங்களை எக்செல்லில் ஒழுங்குபடுத்தும் வேலை. கையில் கொடுத்த தமிழ்க் குறிப்பில் மூன்றாம் படி இப்படி இருந்தது: "இடைவெளிகளைச் சரிபார்த்த பின் அட்டவணையுடன் பொருத்தவும்." பக்கத்தில் இருந்த செவிலியர் அதைப் படித்துவிட்டு, பெயர்கள் இருந்த பத்தியில் டிரிம் போட்டு, முன்னும் பின்னும் விழுந்திருந்த வெற்றிடங்களை எல்லாம் நீக்கினார். குறிப்பு எழுதியவர் சொல்ல வந்தது அதுவல்ல. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீட்டெண் 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25 முதல் 29.9 வரை அதிக எடை என்று பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்ததே, அந்தப் பிரிவுகளைச் சரிபாருங்கள் என்பதுதான். செவிலியர் மேல் ஒரு தவறும் இல்லை. ஸ்பேஸ் பாரை நாம் இடைவெளி விசை என்றுதானே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்!

இப்படிப்பட்ட எண் பிரிவை ஆங்கிலத்தில் இன்டர்வல் என்பார்கள். அதற்கு இடைவெளி என்று எழுதுவதைப் பாடநூல் முதல் மென்பொருள் கையேடு வரை பார்த்துவிட்டேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

இன்டர்வல் லத்தீன் வழி வந்த சொல். இரண்டு அரண்களுக்கு இடைப்பட்ட நிலம் என்பது அதன் மூலப்பொருள். நம் வேலையில் அது ஒரு கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் இடையே உள்ள எல்லா எண்களையும் குறிக்கும். வந்த எண் எந்த வரம்புகளுக்குள் விழுகிறது என்று அட்டவணையில் பார்த்து, அதற்குரிய பெயரை எடுத்து எழுதுவதுதான் மதிப்பைப் பிரிவோடு பொருத்துவது. மதிப்பெண்ணுக்குத் தரம் போடுவதும், வருமானத்துக்கு வரி விகிதம் பார்ப்பதும் இதே வேலைதான்.

இதில் இடைவெளி என்ற சொல் என்ன கெடுதல் செய்கிறது என்று பாருங்கள். 160 செ.மீ. உயரமும் 63.9 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு உடல் நிறைக் குறியீட்டெண் 24.96 வருகிறது. மேலே சொன்ன அட்டவணையில் 24.9 வரை ஒரு பிரிவு, 25 முதல் அடுத்த பிரிவு. 24.96-க்கு இடமே இல்லை. இரு வரம்புகளையும் ஒப்பிட்டுப் பொருத்தினால் அந்த ஆளின் வரிசை வெறுமையாக வரும். தரவு வேலையில் அடிக்கடி நேரும் பிழை இது. இந்தப் பிழைக்குத் தமிழில் என்ன பெயர்? இடைவெளி! இரண்டு பிரிவுகளுக்கு நடுவே எதுவும் இல்லாமல் விட்டுப்போன வெற்றிடம். பிரிவுக்கும் இடைவெளி, பிரிவுகளுக்கு நடுவே விட்டுப்போனதற்கும் இடைவெளி என்றால், "இடைவெளிகளுக்கு இடையே இடைவெளி இருக்கக் கூடாது" என்றுதான் எச்சரிக்கை எழுத வேண்டும். வெளி என்றாலே ஒன்றும் இல்லாத இடம். எண்கள் நிறைந்து கிடக்கும் ஒன்றை அந்தப் பெயரால் அழைப்பது பொருளையே தலைகீழாக்குகிறது.

வீச்சு என்று எழுதுபவர்களும் உண்டு. அதுவும் ஒத்துவராது. புள்ளியியலில் வீச்சு என்பது மிகப்பெரிய மதிப்பிலிருந்து மிகச்சிறிய மதிப்பைக் கழித்தால் வரும் ஒற்றை எண். 40 முதல் 49 வரை என்றால் வீச்சு 9. 70 முதல் 79 வரை என்றாலும் அதே 9. எங்கே தொடங்குகிறது என்ற செய்தி அதில் இல்லை. பொருத்தும் வேலைக்கு வேண்டியதோ அந்தச் செய்திதான். வரம்பு நல்ல சொல், ஆனால் அது வயலைச் சுற்றியுள்ள வரப்பு, வயல் அல்ல. அதைக் கீழ்வரம்பு, மேல்வரம்பு என்று ஓரங்களுக்கே வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் உள்ள வயலுக்குப் பெயர் ஆயிடை. "வடவேங்கடம் தென்குமரி ஆயிடைத் தமிழ்கூறு நல்லுலகத்து" என்று தொல்காப்பியப் பாயிரம் தொடங்குகிறது. வடக்கே ஒரு வரம்பு, தெற்கே ஒரு வரம்பு, அந்த இரண்டுக்கும் இடைப்பட்டது ஆயிடை. அங்கே வெற்றிடமா இருக்கிறது? தமிழ் பேசும் உலகமே இருக்கிறது. அ என்ற சுட்டு நீண்டு, யகரம் தோன்றி, இடையோடு சேர்ந்த சொல். இந்தப் புணர்ச்சிக்கு நன்னூலில் விதியும் உண்டு.

பழஞ்சொல், யாருக்கும் புரியாது என்பார்கள். இலங்கையில் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பாயிடை என்று எழுதித்தான் புள்ளிவிவரக் கணக்குப் போடுகிறார்கள். அங்கே புழங்கும் சொல் இங்கே மட்டும் எப்படிக் கடினமாகும்? வரம்பு எண்களையும் சேர்த்துக்கொண்டால் மூடிய ஆயிடை, சேர்க்காவிட்டால் திறந்த ஆயிடை, ஆயிடை அகலம் என்று பிற சொற்களோடும் இயல்பாகச் சேர்கிறது.

இதே கையேடுகளில் இன்னொன்றும் என்னை உறுத்துகிறது: தோராயப் பொருத்தம். எக்செல்லில் ஒரு மதிப்பை அட்டவணையில் தேடி அதற்குரியதை எடுத்துத் தரும் வி-லுக்அப் சூத்திரத்தில் கடைசியாக ட்ரூ என்று கொடுத்தால் நடப்பதற்கு இந்தப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதில் தோராயம் எங்கே இருக்கிறது? முதல் பத்தி ஏறுவரிசையில் இருந்தால், தேடும் எண்ணைத் தாண்டாத மிகப்பெரிய கீழ்வரம்பைச் சூத்திரம் துல்லியமாகக் கண்டுபிடிக்கிறது. அப்ராக்சிமேட் மேட்ச் என்ற ஆங்கிலப் பெயரே கோணலானது. அதை அப்படியே தமிழில் இறக்கியதால், தோராயம் என்றால் தப்பாக வருமோ என்று பயந்து அதைத் தொடாமலே விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி இருந்தால் இது என்று சொல்லும் இஃப் சூத்திரங்கள் பத்தை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அவதிப்படுகிறார்கள். ஆயிடைப் பொருத்தம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்கிறது என்பது பெயரிலேயே தெரிந்திருக்கும். மொழிபெயர்ப்பவர் சொற்பட்டியலைத் திறக்கும் முன் ஒரு தடவையாவது அந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். அட்டவணையைப் பார்க்காமல் அட்டவணைக்குப் பெயர் வைக்க முடியாது.

வகுப்பு முடிந்ததும் செவிலியரின் கோப்பில் அந்த அட்டவணையைத் திருத்தினோம். மேல்வரம்புப் பத்தியை நீக்கிவிட்டு, 0, 18.5, 25, 30 என்று கீழ்வரம்புகளை மட்டும் வைத்துக்கொண்டோம். 24.96 இயல்பு என்று வந்தது. குறிப்பின் மூன்றாம் படியை அவரே அடித்துவிட்டு, மேலே பேனாவால் எழுதினார்: "ஆயிடைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கவும்."