சைலம் என்றால் காழ்

தாவரவியலின் அடிப்படையை இணையப் பாடமாகப் படிக்க உட்கார்ந்தால், செல், திசு என்று ஒரு சுற்று முடிந்ததுமே சைலம் வந்து நிற்கும். ஆங்கிலப் பாடமாக இருந்தால் பேசுகிறவர் ‘ஸைலெம்’ என்பார். தமிழ்நாட்டுப் பாடநூலை வைத்து நடத்துகிறவர் ‘சைலம்’ என்பார். பறக்கும் ரயிலில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்: பொருள் தெரியாத ஓர் ஓசை. அடுத்தடுத்து புரோட்டோசைலம், மெட்டாசைலம், டிராக்கீடு என்று வரும்போது பாதிப் பேர் பாடத்தை நிறுத்திவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சைலம் என்று தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. அதற்கு மலை என்று பொருள். வடமொழியிலிருந்து வந்தது. ஸ்ரீசைலத்தில் இருப்பது அந்தச் சைலம்தான். செடிக்குள் இருப்பதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. எழுத்தைக் கூட்டிப் படிக்கிற மாணவருக்கு இது தமிழ்ச் சொல் மாதிரியே தெரியும், ஆனால் எங்கும் கொண்டுபோய் விடாது. அயல்சொல்லாகவே தெரிகிற சொல்லைக்கூட மன்னித்துவிடலாம்.

சரி, சைலம் எது? வேர் உறிஞ்சும் நீரையும் அதில் கரைந்திருக்கும் தாது உப்புகளையும் தண்டு வழியாக இலை வரைக்கும் கொண்டுபோகிற திசு. செடியை நிமிர்ந்து நிற்கவைப்பதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பெரிய மரத்தில் நாம் கட்டை என்று சொல்வது முழுக்கச் சைலம்தான். நீரை ஏற்றும் குழாய்களாக இருப்பவை செத்துப்போன செல்கள் என்பதுதான் முதன்முதலாகப் படிக்கிறவர்களை நிமிர்ந்து உட்காரவைக்கும் செய்தி. செல் வளர்ந்து, சுவரைத் தடிக்கவைத்து, அதில் லிக்னின் என்ற கெட்டிப்பொருளை ஏற்றி, பிறகு உள்ளே இருப்பதையெல்லாம் கரைத்துவிட்டு இறந்துபோகும். மிஞ்சிய வெற்றுக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து குழாயாகின்றன.

உயிரில்லாத குழாய் எப்படித் தென்னை உயரத்துக்கு நீரை ஏற்றும்? கீழிருந்து யாரும் தள்ளுவதில்லை. பெரும்பாலும் மேலிருந்து இழுப்புதான். இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகப் போகப்போக, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகள் சங்கிலியாக மேலேறுகின்றன. டப்ளினைச் சேர்ந்த டிக்சன், ஜோலி இருவரும் 1894-ல் முன்வைத்த விளக்கம் இது. இன்றும் பாடங்களில் இதுதான் முதன்மையாக நிற்கிறது.

பெயரை வைத்தவர் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் கார்ல் நேகெலி, 1858-ல். பட்டாணிச் செடி ஆய்வைப் பற்றி மெண்டல் கடிதம் கடிதமாக எழுதியும் அதன் அருமை புரியாமல் விட்டவர் என்று இன்று அதிகம் நினைவுகூரப்படுகிறாரே, அவரேதான். கிரேக்கத்தில் ‘க்ஸைலோன்’ என்றால் மரக்கட்டை. வெட்டிய கட்டை, விறகு, உத்தரம் எல்லாம் அதில் அடங்கும். மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலோஃபோனின் பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது. உணவைக் கொண்டுசெல்லும் ஃபுளோயத்துக்கும் நேகெலியே பெயர் சூட்டினார். ‘ஃப்ளோயோஸ்’ என்றால் மரப்பட்டை. ஆக, மண்டையை உடைக்கிற இந்த இரண்டு கலைச்சொற்களுக்கும் உள்ளே இருப்பது கட்டையும் பட்டையும்தான். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். ஏனோ சொல்வதில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘நீர்க்கடத்தும் திசு’ என்பது விளக்கமாக நல்லது, பெயராக உதவாது. கலைச்சொல் என்றால் முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்த்தாலும் தாங்கவேண்டும். முதலில் உண்டாகும் சைலத்துக்கு ‘முதல் நீர்க்கடத்தும் திசு’ என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

இலங்கையில் தமிழ்வழியில் உயிரியல் படித்தவர்களிடம் கேட்டால் யோசிக்காமல் ‘காழ்’ என்பார்கள். அங்கே பாடநூல் சொல்லே அதுதான். ஃபுளோயம் ‘உரியம்’, திசு ‘இழையம்’, கேம்பியம் ‘மாறிழையம்’, புரோட்டோசைலம் ‘முதற்காழ்’. என் கட்சியும் இதுதான். இரண்டே எழுத்தில் நிற்கிற இந்தக் குட்டிச் சொல் எத்தனை ஒட்டைச் சேர்த்தாலும் தாங்குகிறது.

காழ் புதிதாகச் செய்த சொல்லும் இல்லை. மரத்தின் வைரம், பழத்தின் விதை, முத்துவடம் என்று அகராதியில் அதற்குப் பல பொருள்கள். குறளிலேயே பார்க்கலாம். ‘காமத்துக் காழில் கனி’ (1191) என்பதில் காழ் விதை. காழில் கனி என்றால் விதையில்லாப் பழம். ‘இளைதாக முள்மரம் கொல்க’ என்று தொடங்கும் 879-ஆம் குறளில் ‘காழ்த்த இடத்து’ என்று வினையாக வருகிறது: முள்மரத்தைக் கன்றாக இருக்கும்போதே வெட்டிவிடு, முற்றி வைரம் பாய்ந்துவிட்டால் வெட்டுகிறவன் கையையே பதம் பார்த்துவிடும். விதையானாலும் வைரமானாலும் அடியில் கிடக்கும் பொருள் ஒன்றே, உள்ளே இறுகிய கெட்டி. அரசியல் மேடையில் அன்றாடம் அடிபடும் ‘காழ்ப்புணர்ச்சி’யும் இந்தக் குடும்பம்தான். மனத்துக்குள் வைரம் பாய்ந்த பகை. செய்தித்தாள் படிக்கிற எல்லாருக்கும் சைலத்தின் தமிழ்ப்பெயர் பாதி தெரிந்திருக்கிறது என்று சொல்லலாம்.

தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதி இன்னும் சுவையானது. ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்கிறது. வெளியே கெட்டியாக இருந்தால் புல், உள்ளே கெட்டியாக இருந்தால் மரம். இந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். வேம்பும் புளியும் மரம். தென்னை மரம் என்று சொல்கிற நம் எல்லாரையும் தொல்காப்பியர் திருத்தியிருப்பார். இப்போது இணையப் பாடத்தில் ஒருவித்திலை (பனை மாதிரி), இருவித்திலை (வேம்பு மாதிரி) தண்டுகளின் குறுக்குவெட்டுப் படங்களைப் பக்கத்தில் வையுங்கள். பனையில் காழும் உரியமும் சேர்ந்த கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும், விளிம்பை நோக்கி நெருக்கமாக, நார் உறையோடு. அதனால்தான் வீட்டுக் கூரைக்குப் பனங்கை எடுக்கிறவர்கள் வெளிப்பக்கத்தை எடுத்துக்கொண்டு நடுவில் இருக்கும் சோற்றைக் கழித்துவிடுகிறார்கள். வேம்பில் கற்றைகள் வளையமாக நிற்கும்; காழுக்கும் உரியத்துக்கும் நடுவே, புதுச் செல்களை உண்டாக்கும் மாறிழையம் வெளிப்பக்கம் உரியத்தையும் உட்பக்கம் காழையும் சேர்த்துக்கொண்டே போகும். கெட்டி உள்ளே சேர்கிறது.

இதற்காக, சைலத்தை அன்றே கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளவேண்டாம். நீர் ஏறும் குழாயைப் பற்றி அந்த நூற்பா ஒன்றும் சொல்லவில்லை. கையால் தட்டியும் கோடரியால் வெட்டியும் அறிந்த வேறுபாட்டைச் சொல்கிறது. அதுவே போதும், வகைப்பாடு நன்றாகவே நிற்கிறது.

காழ் என்பதற்கு ஒரு தடையும் சொல்லலாம், நியாயமான தடைதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்து ஓய்ந்தபின் சென்னைத் தெருவோரங்களில் அறுத்துப் போட்டிருந்த அடிமரங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தூங்குமூஞ்சி மரத்தின் அறுத்த முகத்தில் நடுப்பகுதி கரும்பழுப்பாகவும் சுற்றிலும் ஒரு பட்டை வெளிறியும் இருக்கும். இரண்டும் சைலம்தான். நீர் ஏறுவது வெளிறிய பகுதியில் மட்டும், அது சாற்றுக்கட்டை. நடுவில் இருக்கும் பழைய குழாய்கள் பிசினும் டானின் என்ற துவர்ப்புப்பொருளும் ஏறி அடைத்துக்கொண்டவை. அது வைரக்கட்டை, சேகு என்றும் சொல்வதுண்டு. பழந்தமிழில் காழ் என்றது இந்த வைரத்தை. அப்படியானால் நீரே ஏறாத பகுதியின் பெயரை நீர் ஏற்றும் திசுவுக்கு வைக்கிறோமே?

வைக்கிறோம்தான். ஆனால் கிரேக்கச் சொல்லும் விறகுக்கட்டையைக் குறித்ததுதானே? நேகெலியும் அதையே எடுத்துப் பொருளை விரித்துக்கொண்டார். காழ், சைலம் முழுவதற்கும் பெயராகட்டும். கெட்டிப்பட்ட நடுப்பகுதிக்கு வைரம் என்ற வழக்குச் சொல் இருக்கவே இருக்கிறது. குழப்பம் வராது.

உரியத்துக்கு இந்தத் தடையே இல்லை. உரி என்றால் தோல், பட்டை. இராமன் காட்டுக்குப் போகும்போது உடுத்திய மரவுரியில் வருகிற உரி. கிரேக்க மூலத்துக்கு நேராகப் பொருந்துகிறது.

காழைக் கண்ணால் பார்க்க நுண்ணோக்கி வேண்டாம். காசித்தும்பையைச் சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்திவைக்கும் பள்ளிக்கூடச் சோதனை எல்லாருக்கும் தெரியும். சற்று நேரத்தில் தண்டில் சிவப்புக் கோடுகள் ஏறும். தாமரைத் தண்டு இன்னும் நல்லது. ஒடித்து மெல்ல இழுத்தால் நூல் நூலாக வரும். அந்த நூல் காழ்க்குழாய்ச் சுவரின் சுருள் தடிப்பு, சுருள் பிரிந்து நீள்கிறது. மயிலாப்பூர் மாடவீதிகளில் பூஜைச் சாமான் கடையில் கேட்டால் தாமரைத்தண்டுத் திரி கிடைக்கும். உண்மையிலேயே தாமரையிலிருந்து எடுத்ததுதான் என்றால், விளக்கில் எரிவது அந்த நூல்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் விடைத்தாளில் சைலம் என்றே எழுதிவிடுங்கள். அங்கே எதிர்பார்ப்பது அந்தச் சொல்லைத்தான். காழ் என்று எழுத ஆசையாக இருந்தால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். மதிப்பெண் குறைக்க யாருக்கும் மனம் வராது என்று நினைக்கிறேன்.