முகவரை நியமித்தவர் ‘அதிபர்’ அல்லர்

வியாபார ஒப்பந்தங்களைத் தமிழாக்குபவர்கள், முகவரை (ஆங்கிலத்தில் ‘ஏஜென்ட்’) நியமித்தவரை, அதாவது ‘பிரின்சிபலை’, ‘அதிபர்’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். மட்டக்களப்பில் அதிபர் என்றால் பாடசாலையை நடத்துபவர். ‘அதிபர் இறந்தால் முகவரின் அதிகாரம் முடிவுறும்’ என்றால், யார் இறந்தால் என்பதே கல்முனைக் கடைக்காரருக்கு விளங்காது.

‘பிரின்சிபல்’ இலத்தீன் வழிவந்தது, ‘முதலாவது’ என்று பொருள். ‘ஏஜென்ட்’ என்பது ‘செய்பவர்’. அதே பிரின்சிபல் கடன் பத்திரத்தில் ‘முதல்’ ஆகிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் முடியும்.

சிலர் திருத்துவதாக எண்ணி ‘முதலாளி’ என்கிறார்கள். அது இன்னும் கேடு. முதலாளிக்கு எதிர்ச்சொல் தொழிலாளி. முகவரோ கொமிசனுக்கு இயங்கும் தனி வியாபாரியாகவும் இருக்கலாம். நாலு ஏக்கர் வயற்காரர் தன் நெல்லை விற்றுத் தரும்படி பெரிய ஆலைக்காரரிடம் பொறுப்புக் கொடுத்தால், வயற்காரர்தான் பிரின்சிபல், ஆலைக்காரர் முகவர். இதில் யாரை முதலாளி என்பது? பணமோ அந்தஸ்தோ இந்த உறவைத் தீர்மானிப்பதில்லை. அதிகாரம் கொடுத்ததுதான் தீர்மானிக்கிறது.

போடியார் (வயற்சொந்தக்காரர்) தன் கணக்கில் உரம் எடுக்க முல்லைக்காரரை (வயல் வேலையைக் கவனிப்பவரை) அனுப்பி, ஒவ்வொரு போகமும் அந்தக் கடனைக் கட்டிவருகிறார் என்று வைப்போம். இம்முறை ‘பத்து மூடைதான்’ என்று சொல்லிவிட, அவர் இருபது எடுத்துவிட்டார். அந்த வரம்பு கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் இருபதுக்கும் போடியாரே பொறுப்பு. மிச்சத்தை முல்லைக்காரரிடம் கேட்பது அவர்கள் இருவருக்கிடையிலான விடயம்.

இலக்கணத்தில் இதற்கு ஏவுதற் கருத்தா (செய்விப்பவர்), இயற்றுதற் கருத்தா (தானே செய்பவர்) என்ற பாகுபாடு உண்டு: அரசனால் ஆகிய கோயில், தச்சனால் ஆகிய கோயில். ஆனாலும் அதிலிருந்து ‘ஏவுநர்’ என்று எடுத்தால் நம் பக்கத்துக்கு ஒத்துவராது. ஏவல் என்றவுடன் பில்லி சூனியம்தான் நினைவுக்கு வரும்.

நல்ல சொல் நொத்தாரிசு உறுதிகளிலேயே கிடக்கிறது. அற்றோணித் தத்துவம் (‘பவர் ஒஃப் அற்றோணி’) என்பதில் தத்துவம் என்றால் அதிகாரம். அதைப் பெற்றவர் தத்துவக்காரர். அப்படியானால் கொடுத்தவர் ‘தத்துவமளித்தவர்’. தமிழ்நாட்டார் இதை மெய்யியல் என்று கொள்ளக்கூடும். அதற்காக நம் சொல்லைக் கைவிடத் தேவையில்லை. 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முகமைக்கு ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது உண்மைதான். சொல் நம்முடையதாகவே இருக்கட்டும்.

கையொப்பத்திலும் இதே கவனம் வேண்டும். முகவர் வெறுமனே தன் பெயரை எழுதி ஒப்பமிட்டால் கடன் அவர் தலையிலேயே விழலாம். ‘இன்னாருக்குப் பதிலாக’ என்ற மொழிபெயர்ப்பும் பிழை. பதில் ஆள் என்றால் முந்தியவர் விலகிவிட்டார் என்றாகும். ‘இன்னார் சார்பில், அவரது முகவர்’ என்றே எழுத வேண்டும்.