மார்கழியில் வாங்கிய புத்தகங்கள்

"பிள்ளை, புதுசா ஒண்டும் வரேல்லையோ?" காலையில் பேப்பர் பார்க்க வருகிற ஐயாமார் கேட்பது இதைத்தான். காசில்லை ஐயா என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். அது பாதி உண்மைதான், மற்றப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

வன்னியில் ஒரு பிரதேச சபை நூலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் காசு சபையின் பாதீட்டில் இருந்து வருகிறது, அந்த வருடக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்கி டிசெம்பர் 31இல் முடிகிறது. புத்தகம் வாங்க ஒதுக்கியதை அதற்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு போய்விடும், அப்புறம் "போன முறை தந்ததையே முடிக்கேல்லையே" என்று அடுத்த பாதீட்டிலும் கை வைப்பார்கள்.

வேலைக்கு வந்த புதிதில் எனக்கு நடந்தது இது. கூறுவிலை (இந்த விலைக்குத் தருவோம் என்று கடைக்காரர் எழுதித் தருவது) மூன்று வேண்டும், இரண்டுதான் வந்தது என்று கோப்பு மாதக்கணக்கில் ஒரு மேசையில் கிடந்து, மார்கழி, அதாவது டிசெம்பர், மூன்றாம் கிழமை அடைமழைக்குள் அனுமதி கிடைத்தது. கடையில் என்ன இருந்ததோ அதை வாங்கினோம். பெட்டியைப் பிரித்தால் ஒரே சமையல் புத்தகத்தில் ஏழு பிரதி, பாடத்திட்டம் மாறிப்போன வழிகாட்டிகள் ஒரு அடுக்கு! கணக்காய்வுக்கு ஒரு குறையும் இல்லை, காசு கொடுத்ததற்கு உறுதிச்சீட்டு இருக்கிறது, பதிவேட்டில் இலக்கமும் இருக்கிறது. அந்த ஏழில் ஒன்றை இரவல் எடுத்த ஒரே ஆள் நான்தான்.

இப்போது மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். வாசகர் கேட்கிற தலைப்பை அன்றே எழுதி, ஆனிக்குள் கூறுவிலைக்கு அனுப்பிவிடுவேன். 2022இல் கடதாசி விலை ஏறியதில் இருந்து அதே காசுக்கு வருகிற புத்தகம் குறைவு, அதனால் தெரிவு இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பராமரிப்புக்கென்றும் தனியாகக் கேட்கிறேன், ஏனென்றால் கறையான் புதுசு பழசு பார்ப்பதில்லை.

வெளிநாட்டில் இருந்து அப்பாவின் நினைவாக ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. பெட்டி அனுப்ப முதல் எங்களிடம் என்ன இல்லை என்று கேளுங்கள், சில நேரம் தேவைப்படுவது இரும்பு அலுமாரியாக இருக்கும். காசு என்றால் என் கையில் தர வேண்டாம், எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் சரி, சபையில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கையில் வாங்கிய காசுக்குப் பிறகு யாரும் கணக்குக் காட்ட முடியாது.

ஊரில் இருப்பவர்கள் ஆவணி, புரட்டாதியில் வாருங்கள், அப்போதுதான் அடுத்த வருட மதிப்பீடு எழுதுவோம். உங்கள் வட்டார உறுப்பினரிடமும் ஒரு வார்த்தை போடுங்கள், பாதீட்டுக்குக் கை உயர்த்துவது அவர்கள்தான். தைக்குப் பிறகு என்னிடம் வந்து சண்டை பிடித்துப் பலனில்லை. போன கிழமை பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் சதுரங்கப் புத்தகம் வேண்டும் என்று கொப்பியில் எழுதி, கீழே கையெழுத்தும் வைத்துவிட்டுப் போனான். பட்டியலில் சேர்த்துவிட்டேன், கோப்பு இப்போது லிகிதரின் மேசையில்.